தோல் தைத்த பேட்டரிப் பெட்டி

பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் என்ன வேண்டும் என்று உங்களில் ஒருவர் கேட்டார். சிரித்த முகம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்களாம். சிரித்த முகம் வளையல் கடைக்கு ஆகும். நமக்கு வேண்டியது, காசோடு வந்து நிற்கிறவரின் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்லக்கூடிய வாய். அது இல்லாதவர்கள் இப்போதே வேறு வேலை தேடிக்கொள்ளலாம், நான் தடுக்க மாட்டேன்.

திண்டுக்கல்லில் நான் பேட்டரி வேலை பார்த்த காலத்தில் கடை என்பது ஒரு தகரக் கொட்டகை. தரையெல்லாம் ஆசிட் தின்ற பள்ளம். என் வேட்டியில் ஓட்டை இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்களுக்குக் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை. நல்லது, அனுபவியுங்கள். ஆனால் கடைக்கு வருகிற மனுஷன் மாறவில்லை. அன்று வந்தவர்களில் பாதிப் பேர் யோசனை கேட்க வரவில்லை, எடுத்துவிட்ட முடிவுக்குத் தலையாட்ட ஆள் தேடி வந்தார்கள். இன்றும் அப்படித்தான் வருகிறார்கள். நீங்கள் ஆட்டுகிறீர்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிறுமலையில் வாழைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஜீப் பேட்டரியைக் கொண்டுவந்து போட்டு, ராத்திரி சார்ஜ் இருக்கிறது, விடிந்தால் இல்லை, ஏமாற்றிவிட்டீர்கள் என்று குதித்தார். மூடியைத் திறந்தால் உள்ளே துருக்கலர். என்ன ஊற்றினீர்கள் என்றேன். "ஊத்துத் தண்ணிப்பா. மூலிகை வேர்ல பட்டு வர்ற தண்ணி. அதக் குடிச்சுத்தான் எங்க அய்யாவுக்குச் சக்கரை எறங்குச்சு" என்றார். பேட்டரிக்குச் சர்க்கரை வியாதி இல்லை, அதற்கு வேண்டியது காய்ச்சி வடித்த தண்ணீர், ஊற்றுத் தண்ணீரில் இருக்கும் இரும்பே அதற்கு விஷம் என்று சொன்னேன். உன் ஜாடித் தண்ணீர் என் மலைத் தண்ணீரைவிட சுத்தமா என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போனார். அடுத்த பேட்டரியையும் அப்படியே கொன்றார். படித்தவர்தான், ஆங்கிலப் பத்திரிகை வாங்குகிறவர்.

அவரை விடுங்கள். அவர் கெடுத்தது ஈயத் தகட்டைத்தான். நான் சொல்ல வந்தது ஒரு வீட்டு வண்டியைப் பற்றி.

ஊரில் தோல் பதனிடுகிற ஷாப்பு வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் இருந்தார். நல்ல பசை உள்ள கை. அவருடைய மனைவி கதீஜா அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவர். உட்கார முடியாது, படுத்தபடிதான் எல்லாம். அதனால் வீட்டை விட்டு வெளியே வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவருடைய கூடப்பிறந்த அக்கா ஆயக்குடியில் கொய்யாத் தோட்டத்து வீட்டில் இருந்தார். அக்கா புருஷன் மௌத்தாகி அடக்கம் நடந்தபோதுகூட இவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. அக்காவுக்கும் வயசாகிவிட்டது, அவரும் பஸ் ஏற மாட்டார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே போய்விடுவார்களோ என்று வீட்டில் பேச்சு இருந்தது.

ராவுத்தர் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, கரூரில் பஸ் கூடு கட்டுகிறவர்களிடம் கொடுத்து, உள்ளே தேக்குப் பலகை அடித்து, கட்டில், அலமாரி, சமையல் மேடை, விளக்கு, ஃபேன், ரேடியோ எல்லாம் வைத்துக் கட்டினார். ஓடுகிற வீடு. ஊரே வந்து பார்த்தது. மனைவிக்காகச் செய்தார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அலமாரியைத் திறந்து காட்டிய அளவுக்கு அந்தம்மாவிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டாரா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

வண்டி கிளம்புவதற்கு ஒரு பேட்டரி முன்னாலேயே இருந்தது. விளக்குக்கும் ஃபேனுக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்று கடைக்கு வந்தார். வரும்போதே முடிவோடு வந்தார். இருக்கிறதிலேயே பெரிய லாரி பேட்டரி, புதுசு, மேலே பளபளப்பாக இருக்க வேண்டும்.

"அது ஆகாது பாய்" என்றேன். "லாரி பேட்டரி இஞ்சினைக் கெளப்புறதுக்கு ஒரு மூச்சுல சக்தியக் குடுத்துட்டு உக்காந்துக்கிரும். ஒங்களுக்கு வேண்டியது ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்குறது. தகடு தடியா இருக்கணும். ரயில் பெட்டியில வெளக்கு எரிக்க வைப்பாகளே, அந்த மாதிரி."

"ரயில் பேட்டரியா? அது கருப்பா, சவப்பெட்டி மாதிரில்ல இருக்கும்."

"கமலை எறைக்கிற மாடு வேற, சல்லிக்கட்டுக் காளை வேற பாய்."

"எனக்குக் காளையே குடு" என்றார்.

என் கடை முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவருடைய வேதம் ஒன்றுதான்: கேட்டதைக் கொடு, கல்லாவைச் சாத்து. காளையே போயிற்று. நோன்புப் பெருநாள் வருவதற்குள் அது படுத்துவிட்டது. ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டிக் காலி செய்வது, பகலில் அரைகுறையாக ஏற்றுவது என்று நடந்தால் மெல்லிய தகடு எத்தனை நாள் தாங்கும்? தகட்டிலிருந்து மருந்து உதிர்ந்து அடியில் சேறாகக் கிடந்தது. ராவுத்தர் அதைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன் மோசம் என்றார். தான் மோசம் என்று எந்த வாடிக்கையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் தடித்த தகட்டு பேட்டரி போனது. நானே கட்டிலுக்குக் கீழே மரப் பெட்டி அடித்து, அதில் வைத்தேன். பெட்டிக்கு மேல்பக்கத்தில் வரிசையாகத் துவாரம் போட்டு, காற்று தரை வழியாக வெளியே போகக் குழாயும் வைத்தேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும், அது அடைந்து நின்றால் ஒரு பொறி போதும், வெடிக்கும் என்று சொன்னேன். தண்ணீர் குறையாமல் பார்க்க வேண்டும், தகடு தண்ணீருக்கு மேல் தெரியக் கூடாது என்றும் சொன்னேன். ராவுத்தர் தலையாட்டினார். இந்த இடத்தில் கவனியுங்கள் தம்பிகளே: வாடிக்கையாளர் தலையாட்டினால் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஆயக்குடிக்குக் கிளம்பும் நாள் வந்தது. வழியில் ஏதாவது ஆனால் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் போய் வண்டிக்குள் குனிந்து பார்த்தேன். பெட்டியை அடையாளம் தெரியவில்லை. அவருடைய ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத் தோலை, அதுவும் முதல் தரம், பெட்டிக்கு உள்ளும் புறமும் இழுத்துத் தைத்திருந்தார். துவாரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. குழாயைப் பிடுங்கி எறிந்திருந்தார். முன்பக்கம் தேங்காய்ப் பருமனில் ஒரு மாங்காய்ப் பூட்டு.

"ஓட்டை ஓட்டையா அசிங்கமா இருந்துச்சு. ஆசிட் வாடையும் வந்துச்சு. இப்பப் பாரு, வாடையே வராது" என்றார் ராவுத்தர்.

"வாடை வராதுன்னா காத்தும் போகாது பாய். பூட்டு எதுக்கு?"

"பேட்டரி என்ன வெலை தெரியுமா? இந்தப் பூட்ட ஒடைக்க இனிமேத்தான் ஒருத்தன் பொறக்கணும்."

"கடைசியா எப்பத் தண்ணி ஊத்துனீங்க?"

டிரைவர் செல்லையா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பூட்டின நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை என்று அதற்குப் பொருள். இப்படியே போகக் கூடாது, திறந்துவிடுங்கள், தோலைக் கிழிக்கிறேன், தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ராவுத்தர். வழியனுப்ப வந்திருந்த என் முதலாளி, "வாயாடாம ஏறு. அவரு பெட்டி, அவரு தோலு, ஒனக்கு என்ன?" என்றார். கட்டிலில் படுத்திருந்த கதீஜா அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ஏறினேன். ஏறாவிட்டாலும் வண்டி போகத்தான் போகிறது, அப்புறம் அதற்குள் விஷயம் தெரிந்தவன் ஒருத்தன்கூட இருக்க மாட்டான். ஏறினதும் செய்த முதல் வேலை, பெட்டியைச் சுற்றிக் கண்ணை ஓட்டினது.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கதீஜா அம்மாதான் முதலில் சொன்னார். "ஏப்பா பேட்டரிக்காரரே, அழுகின முட்டை வாடை வருதே. கட்டிலும் கீழ கதகதன்னு இருக்கு."

"எங்கனயாச்சும் எருக்குழி இருக்கும்" என்றார் ராவுத்தர்.

நான் பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. உள்ளே தண்ணீர் வற்றி, தகடு காய்ந்து, அதன் மேல் டைனமோ விடாமல் சார்ஜை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. "செல்லையா, இஞ்சின நிறுத்து, பீடியத் தூக்கி எறி" என்று கத்தினேன். வண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. அதற்குள் ராவுத்தர் வாடை போகட்டும் என்று ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டிவிட்டார். அந்தக் கையை ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவரை அடித்தவன் அதுவரை ஊரில் எவனும் இல்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும், அது போதும் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, "பெட்டிச் சாவியக் குடுங்க" என்றேன்.

ராவுத்தர் சட்டைப் பையைத் தடவவில்லை, இடுப்பைத் தடவவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பத்திரமா வீட்டு பீரோவுல இருக்கு."

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் 'பத்திரம்' என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து அவர் செய்த காரியம், சாமான் பெட்டியிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு பூட்டை உடைக்க வந்தது. இரும்பின் மேல் இரும்பு. கீழே வாயு நிறைந்த பெட்டி, மேலே அசைய முடியாத பொம்பளை, அவளுடைய புருஷன் கையில் சுத்தியல். நான் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாகக் கள்ளி வேலிக்குள் எறிந்தேன்.

"நாளைக்கு ஒனக்கு வேலை இருக்காது" என்றார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப அம்மாவ எறக்கணும். எறக்காம நான் பெட்டியத் தொட மாட்டேன்."

"பெட்டியத் தொற மொதல்ல."

"மாட்டேன் பாய். தொறக்கயில என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. அவுகளக் கட்டில்ல வச்சுக்கிட்டு அந்தச் சோதனைய நான் செய்ய மாட்டேன்."

கட்டில் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தது. கதவோ அழகுக்காக வைத்த ஒல்லிக் கதவு. நானும் செல்லையாவும் ராவுத்தரும் மட்டும் தூக்கினால் இடுப்பு மடங்கும், அந்தம்மா வலியில் துடித்துவிடுவார். ஜமுக்காளத்தில் வைத்து ஆடாமல் இறக்க இன்னும் ஆள் வேண்டும். பக்கத்துத் தக்காளிக் காட்டிலிருந்து சத்தம் கேட்டு ஆணும் பெண்ணுமாக ஓடி வந்திருந்தார்கள். "ஏனுங்க, என்னாச்சுங்க? நாங்க ஒரு கை குடுக்கட்டுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

ராவுத்தர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "எங்க வீட்டுப் பொம்பளைய அந்நிய ஆம்பளைக தூக்குறதா? வேண்டாம், போங்க." கெட்ட மனுஷன் இல்லை, பயந்துவிட்டார். ஆனால் பயந்தவன் நடுவாசலில் நின்றால் கெட்டவனைவிட அவனால்தான் கேடு அதிகம், இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயிருந்து கதீஜா அம்மா சொன்னார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

"ஏங்க, நான் மௌத்தானா தூக்கிட்டுப் போக நாலு பேரு வருவாகள்ல. அவுகள இப்பவே கூப்புடுங்க."

ராவுத்தர் வாசலை விட்டு விலகினார்.

ஜமுக்காளத்தை அந்தம்மாவுக்கு அடியில் மெதுவாக நுழைத்து, ஆறு பேர் பிடித்து, கதவில் இடிக்காமல் சாய்த்து இறக்கினோம். காட்டில் வேலை செய்த பெண்கள் இரண்டு பேர் ஒரு சுங்குடிச் சேலையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். "மறைக்காதீங்கத்தா, காத்து வரட்டும்" என்றார் அவர். வேப்பமரத்தடியில் படுக்க வைத்தோம். நெற்றி எல்லாம் வியர்வை. வலி இருந்திருக்கும்.

நான் எல்லோரையும் தூரத்தில் நிறுத்திவிட்டு வண்டிக்குள் போனேன். பூட்டை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடைக்க ஆள் பிறக்காத பூட்டைப் போட்ட மகராசன், மூடியின் பின்பக்கக் கீலை வெளியே தெரிகிற நாலு திருகாணியில் நிறுத்தியிருந்தார். காலையில் ஏறினதுமே அதைப் பார்த்து வைத்திருந்தேன். திருடன் வந்திருந்தால் செத்த நேரத்தில் பேட்டரியைக் கொண்டுபோயிருப்பான். திருப்புளியால் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், எங்கும் உரசாமல் கழற்றினேன். மூடியைப் பின்பக்கத்திலிருந்து தூக்கினேன். சூடும் வாடையும் முகத்தில் அறைந்தன. வெளியே ஓடி வந்து, அது முழுக்க ஆறும்வரை தொடவில்லை. உடனே வயரைப் பிடுங்கு என்று செல்லையா சொன்னார். பிடுங்கினால் பொறி. காற்று வாங்கட்டும் என்று காத்திருந்தேன். அவசரத்தில் சும்மா நிற்பதுதான் நம் தொழிலில் கஷ்டமான வேலை, அதற்கு உங்கள் வகுப்பில் பாடம் இருக்காது.

கடைசியில் வயரைக் கழற்றி, பேட்டரியைத் தூக்கி ஓரத்தில் வைத்தோம். பேட்டரியின் ஒரு அறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, தகடு வளைந்து அப்பளமாக இருந்தது. முதல் தரத் தோல் சுருண்டு கருகிக் கிடந்தது. ராவுத்தர் அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இது சனியன் புடிச்ச வண்டி. நாளைக்கே வித்துர்றேன்" என்றார்.

கதீஜா அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். காட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். "விக்கிறதுன்னா இங்கனயே வித்துட்டுப் போங்க. நான் இந்த மரத்தடியிலயே இருந்துக்கிறேன். திரும்ப அந்த வீட்டு அறைக்குள்ள என்னைக் கொண்டுபோயி வைக்காதீங்க" என்றார்.

கதீஜா அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, நீ சொல்லு. வேற பேட்டரி வச்சா இந்த வண்டி மறுபடி இப்படி ஆகுமா, ஆகாதா?"

உங்களில் யாராக இருந்தாலும் அங்கே என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஆகாதும்மா, கேரண்டி இருக்கு என்று பல்லைக் காட்டியிருப்பீர்கள். ராவுத்தர் அந்தப் பொய்யை நம்பியிருக்க மாட்டார், வண்டி விலைபோயிருக்கும். பயந்தவன் என்றால், சொல்ல முடியாதும்மா என்று நழுவியிருப்பான். அப்போதும் விலைபோயிருக்கும். அந்தப் பொம்பளை சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்ச ஆயுளைக் கழித்திருப்பார். என் ஒரு பதிலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

"கவனிச்சா ஆகாதும்மா. கவனிக்கலைன்னா கட்டாயம் ஆகும். எம்புட்டு வெலை குடுத்து வாங்குனாலும் ஆகும்."

"என்ன கவனிக்கணும்?"

"காத்துப் போற வழிய அடைக்கக் கூடாது. தண்ணி கொறைஞ்சா ஊத்தணும். சூடோ வாடையோ வந்தா உடனே வண்டிய நிறுத்தணும். அம்புட்டுத்தான்."

"சூட்டையும் வாடையையும் இன்னைக்கு யாரு கண்டுபுடிச்சா?"

"நீங்கதாம்மா."

"அப்ப இனிமே அது என் பொறுப்பு. தண்ணி கொறையிறத எப்படிப் பாக்கணும்னு எனக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போ. நான் படுத்தபடியே பாக்குற மாதிரி பெட்டிய வை. செல்லையா ஊத்தட்டும், நான் பாத்துக்கிறேன்." பிறகு புருஷனைப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம்."

வண்டி கிளம்புகிற பேட்டரி தனி என்பதால் இஞ்சினுக்குக் குறை இல்லை. விளக்கும் ஃபேனும் இல்லாமல் போகலாம் என்றேன். பெட்டியைக் காட்டிலேயே விட்டுவிட்டு, கட்டிலுக்குக் கீழே துடைத்துச் சுத்தம் செய்தோம். கதீஜா அம்மாவைத் திரும்ப ஏற்ற வேண்டும். முன்பு தூக்கிய ஆட்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பியிருந்தார், மற்றவர்கள் வந்தார்கள். ஜமுக்காளத்தின் நாலு முனையையும் பிடிக்கும்போது ஒரு முனைக்கு ஆள் குறைந்தது. அதுவரை ஒதுங்கி உட்கார்ந்திருந்த ராவுத்தர் எழுந்து வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்த முனையைப் பிடித்தார். பக்கத்து முனையைப் பிடித்திருந்த தக்காளிக்காட்டுக்காரரிடம், "ஆடாமத் தூக்கணும்யா, அவளுக்கு இடுப்பு வலிக்கும்" என்றார்.

கட்டிலில் படுத்து மூச்சு வாங்கி முடித்ததும் கதீஜா அம்மா முன்பக்கம் பார்த்துச் சொன்னார்: "செல்லையா, எடு வண்டிய. அக்கா சாப்புடாம உக்காந்திருக்கும்."